பதிவாகாத பிழைகள்

மார்ச் 4
காலையிலிருந்து, பிழைகளைப் பதியும் பக் டிராக்கர் லேசில் திறக்க மாட்டேன் என்கிறது. ‘சேமி’யை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது. மறுபடி அழுத்தியவர்களின் பிழைகள் இரண்டிரண்டாகப் பதிவாகியிருக்கின்றன. மாதக் கடைசியில் ரிலீஸ்.

மார்ச் 5
இன்றும் அப்படியே.

மார்ச் 9
பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், எங்கள் மென்பொருளில், குழந்தைகளுக்கான மருந்தளவுத் திரையில் ஒரு பிழையைப் பிடித்திருக்கிறாள். எடையை மாற்றினாலும் பழைய எடைக்கான அளவே நிற்கிறது. டிக்கெட் போட்டாயா என்றேன். “லோடே ஆகலைக்கா. டெவலப்பர் அண்ணாகிட்ட வாட்ஸ்அப்ல சொல்லிட்டேன், பார்க்கறேன்னாரு.” அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயிற்றைப் பிசைந்தது. அந்த அண்ணன் அடுத்த வாரம் லீவு. எந்த பில்டில் வந்தது, என்ன செய்தபோது வந்தது, திருத்தியதை யார் சோதித்தார்கள்? வாட்ஸ்அப் இதையெல்லாம் கேட்பதில்லை. 1998இல் மொசில்லாவுக்காக டெர்ரி வெய்ஸ்மன் எழுதிய பக்ஸில்லா என்ற பக் டிராக்கரில், பிழை ‘தீர்ந்தது’ என்பதற்கு அப்புறம் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று தனியாக ஒரு நிலை உண்டு. அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 12
வாரக் கூட்டம். புதிய பிழைகளின் கோடு சரசரவென்று இறங்குகிறது. “குவாலிட்டி நல்லா ஸ்டேபிள் ஆயிடுச்சு” என்றார் மேனேஜர். கோடு இறங்கத் தொடங்கியது 4ஆம் தேதி என்று சொன்னேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது. யாரும் பதில் பேசவில்லை.

மார்ச் 13
டேட்டாபேஸ் சார் காரணத்தைக் காட்டினார். வரவேற்பறை டிவியில் ஓடும் டேஷ்போர்டு, எல்லாப் பிழைகளின் விவரத்திலும் ஒரு சொல்லை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் எது இருந்தாலும் சரி என்று தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. முழு அட்டவணையையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும். ஒரு தேடல் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இணைப்புகளையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ள, நாங்கள் வெளியே வரிசையில். “மேலிடம் கேட்ட டேஷ்போர்டும்மா. நிறுத்தணும்னா அப்ரூவல் வேணும்.”

மார்ச் 16
அப்ரூவல் வரவில்லை. 2022 ஏப்ரலில் அட்லாசியன் ஓட்டிய ஒரு ஸ்கிரிப்ட், 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்துவிட்டது. சிலருக்கு அவர்களுடைய டிராக்கரான ஜிரா திரும்பக் கிடைக்க இரண்டு வாரம்வரை ஆனது. உலகமே பேசியது. எங்களுடையது அடியோடு நின்றிருந்தால் அன்றைக்கே ஆட்கள் வந்திருப்பார்கள். நத்தையாக ஊர்வதற்கு யாரும் வருவதில்லை.

மார்ச் 19
நிறுத்திவிட்டார்கள்! பக்கம் உடனே திறக்கிறது. பழைய டிக்கெட்டுகளைச் சும்மா திறந்து திறந்து பார்த்தேன்.

மார்ச் 20
வாட்ஸ்அப்பில் கிடந்தவற்றை டிக்கெட்டாக்கினேன். மருந்தளவுப் பிழைக்கு டெவலப்பரின் பதில் “பார்த்துட்டேன்” என்ற ஒரே சொல். திருத்திவிட்டாரா, செய்தியைப் பார்த்தாரா? போன் எடுக்கவில்லை. இன்றைய பில்டில் பிழை வரவில்லை. நேற்றைய பில்டில் ஒருமுறை வந்தது. ரிலீஸை நிறுத்தும் பிழை என்று குறித்துப் பதிந்திருக்கிறேன். சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் இன்னொரு பிழையை வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.