எங்கள் வீட்டு எட்டு மணி

இந்த மாதச் சுவர் இதழுக்குத் தமிழ் அம்மா கொடுத்த தலைப்பு "நான் தினமும் தவறாமல் செய்வது". எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தண்ணீர் எடுப்பது, ஆடு பத்துவது, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வருவது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் நானும் செய்கிறேன். ஆனால் தவறாமல் என்று சொன்னால் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம்.

கிறிஸ்தவர் அல்லாத தோழிகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். முதலில் ஒரு பாட்டு. அப்புறம் பைபிள் வாசிப்பு. அதன்பின் முழங்கால் போட்டு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்போம். தம்பி பாட்டுக்கு மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவான். வாசிப்பு ஆரம்பித்தால் ஆச்சி மடியில் தூங்கிவிடுவான்.

வாசிப்பது நான்தான். பைபிளில் பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27, ஆக மொத்தம் 66 புத்தகங்கள். அதிகாரங்கள் 1189. எங்கள் ஓய்வுநாள் பள்ளி அக்கா ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து அதிகாரம். வாரத்துக்கு 23. 52 வாரத்துக்கு 1196. அப்படியானால் வருடத்துக்குள் முழுப் பைபிளும் முடிந்து 7 அதிகாரம் மிச்சம் வரும். காய்ச்சல் கீச்சல் வந்தால் அந்த ஏழில் கழித்துக்கொள்ளலாம். இந்த வருடம் ஜனவரி 1 முதல் ஆதியாகமத்தில் ஆரம்பித்தோம்.

ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எல்லாம் மனதில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், "ஏட்டி, அங்க ஒண்ணு விட்டுட்டியே" என்பார்கள். பைபிள் தமிழ் நம் பாடப்புத்தகத் தமிழ் மாதிரி இருக்காது. சேஷ்டபுத்திரபாகம் என்று ஒரு சொல் வரும். மூத்த மகனுக்குரிய உரிமை என்று அர்த்தம். அதைத் திக்காமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது எந்தப் பாடத்தில் எந்த நீளச் சொல் வந்தாலும் பயம் இல்லை.

ஜெர்மனியிலிருந்து 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்பவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றாராம். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சில் வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் முடித்திருந்தார். 1719-ல் இறந்துபோனார். அப்போது அவருக்கு 36 வயதுதான். அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் உழைத்து மாற்றி எழுதினார்கள்.

அந்த ரூத் புத்தகம்தான் ஆச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். நாலே அதிகாரம். புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி என்ற மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே வருகிற மருமகள் கதை. பெத்லகேமில் அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுவாள். மார்ச் மாதத்தில் அதை வாசித்தோம். ஆச்சி எங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்கள். அப்போது பதநீர் சீசன் தொடங்கியிருந்தது. அப்பா பனை ஏறுவார்கள். அம்மா விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள்.

ஏப்ரல் மாதம், முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், அப்பா பனையிலிருந்து விழுந்துவிட்டார்கள். இடது தொடையிலும் இடுப்பிலும் எலும்பு உடைந்துபோனது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். 38 நாள் அங்கேயே இருந்தார்கள். அம்மா கூடவே இருந்தார்கள். வீட்டில் ஆச்சி, நான், தம்பி மூன்று பேர்தான்.

அந்த வாரம் எங்களுக்கு வரிசையில் வந்தது நாளாகமம் முதல் புத்தகம். பைபிள் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆதாமில் தொடங்கி ஒன்பது அதிகாரம் முழுக்கப் பெயர்கள். இவன் மகன் இவன், இவன் மகன் இவன் என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அழுகை வந்தது. "ஆச்சி, இது வேண்டாம். ஆறுதலா சங்கீதம் வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். ஆச்சி சொன்னார்கள், "வரிசையில எது வருதோ அத வாசிம்மா. நமக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்து வாசிச்சா அது நம்ம பேச்சாப் போயிரும்."

வாசித்தேன். நாலாம் அதிகாரத்தில் அந்தப் பெயர்களுக்கு நடுவில் யாபேஸ் என்று ஒருவர் வருகிறார். இரண்டே வசனம். அவர் அம்மா வேதனையோடு பெற்றதால் அந்தப் பெயர் வைத்தார்களாம். அவர் ஜெபம் செய்தார், கேட்டது கிடைத்தது என்று போட்டிருக்கிறது. ஆச்சி அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி அப்படியே முழங்கால் போட்டுவிட்டார்கள். நாங்களும் கேட்டோம். தினமும் கேட்டோம்.

அப்பா பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் இடது கால் கட்டையாகிவிட்டது. இனிமேல் மரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாபேஸுக்குக் கிடைத்த மாதிரி எங்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இதை ஆச்சியிடமே சொன்னேன். ஆச்சி திட்டவில்லை. பதிலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பீடித் தட்டை எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சுற்றிப் பழகியதுதான். பகல் முழுக்க இலை வெட்டுவார்கள், தூள் வைத்துச் சுற்றுவார்கள், நூல் கட்டுவார்கள். எட்டு மணிக்குப் பாயில் வந்து உட்காருவார்கள். ஆனால் ஜெபிக்கமாட்டார்கள். முன்பெல்லாம் அம்மா ஜெபம்தான் நீளம். எங்கள் பெயர், ஆட்டுக்குட்டி, பக்கத்து வீட்டு அக்காவின் பிரசவம் வரைக்கும் எல்லாம் வரும். எனக்குப் பசிக்கும். இப்போது அம்மா முறை வந்தால் சத்தமே இருக்காது. ஆச்சி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடுவார்கள். ஏன் ஜெபிக்கவில்லை என்று ஒருநாள்கூட அம்மாவைக் கேட்டதில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. அப்பா கால் போனதைவிட அம்மா பேசாமல் இருந்ததுதான் பயம்.

ஜூன் மாதம் மூன்றாவது வாரம் 88-ம் சங்கீதம் வந்தது. சங்கீதங்கள் 150 இருக்கின்றன. அழுது தொடங்குகிற சங்கீதங்கள் நிறைய உண்டு. ஆனால் முடிவில் ஒரு நம்பிக்கை, ஒரு நன்றி வந்துவிடும். இது அப்படி இல்லை. ஏமான் என்பவர் பாடியது என்று மேலே போட்டிருக்கிறது. இரவும் பகலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நண்பர்கள் எல்லாரும் தூரமாகப் போய்விட்டார்கள் என்கிறார். இருட்டிலேயே சங்கீதம் முடிந்துவிடுகிறது. நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே 89 தொடங்கிவிட்டது.

அம்மா, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள்.

"அவ்வளவுதாம்மா."

"கடைசியில ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே. வேதத்துல இப்படியும் போட்டிருக்கா?"

ஆச்சி சொன்னார்கள், "அந்த மனுசனுக்கு அன்னைக்கு அவ்வளவுதான் வந்திருக்கு. ஆனா அதையும் ஆண்டவர்கிட்டதான சொல்லியிருக்கான்."

அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அன்று அம்மா முறை வந்தபோது ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் வந்தது. அது ஸ்தோத்திரம் இல்லை. சண்டை. வட்டிக் கடனைச் சொன்னார்கள். பீடியைக் கழிவு என்று ஒதுக்கிக் கூலியைக் குறைத்ததைச் சொன்னார்கள். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டார்கள். அப்பா கட்டிலில் படுத்தபடியே அழுதார்கள். ஆச்சி ஆமென் என்று சத்தமாகச் சொன்னார்கள். இப்படியும் ஜெபம் பண்ணலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த நாளும் அம்மா ஜெபித்தார்கள். அதற்கு அடுத்த நாளும். ஆட்டுக்குட்டி இன்னும் ஜெபத்துக்குள் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் குழந்தை வந்துவிட்டது.

119-ம் சங்கீதம் மட்டும் 176 வசனம். எட்டு எட்டு வசனமாக 22 பிரிவு. அன்று தம்பி மட்டும் இல்லை, அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அதை எழுதாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

என் பக்கத்து பெஞ்சுத் தோழி, "தினமும் வாசிச்சு என்ன கிடைக்குது?" என்று கேட்டாள். அவள் வீட்டில் அவள் அம்மா தினமும் மாலை விளக்கேற்றுவார்கள். "ஒருநாள் ஏத்தலைன்னா உங்க வீடு எப்படி இருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமா, ஒரு மாதிரிதான் இருக்கும்" என்றாள். எங்கள் வீடும் அப்படித்தான். கையில் பணம் இல்லாத நாளிலும் எட்டு மணி வந்துவிடுகிறது. எல்லோரும் ஒரு பாயில் உட்காருகிறோம்.

அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்கள். அம்மா சுற்றுகிற பீடிக்கு நூல் கட்டுகிறார்கள். போன மாதத்திலிருந்து ஒரு அதிகாரம் அப்பா வாசிக்கிறார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆச்சி திருத்துவார்கள்.

நேற்று எரேமியா 32. எருசலேம் பட்டணத்தைப் பகைவர் சுற்றி வளைத்திருக்கிறார்கள். எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து ஒரு நிலம் வாங்குகிறார். பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ஊரே போகப் போவுது, இந்த மனுசன் நிலம் வாங்குதாரே" என்று சொன்னார்கள். அம்மா நூலைக் கடித்துக்கொண்டே, "மீதியையும் வாசிங்க, ஏன்னு தெரியும்" என்றார்கள்.