திட்டுறதுக்கு முன்னால திரையைப் பாருங்க

எங்க தொழிற்சாலையில நைட் ஷிப்ட் கணக்கைப் பதியறது ஒரு தம்பி எழுதின பைதான் ஸ்கிரிப்ட். 'சேவ்' பட்டனோட படத்தைத் திரையில தேடிப் பிடிச்சு, அதுவே அழுத்தும்.

போன வாரம் பட்டனைக் கண்டுபிடிக்கல. தம்பியை எல்லார் முன்னாலயும் திட்டிட்டோம். படம் எவ்வளவு ஒத்துப்போகணும்ங்கிற அளவை 0.9-லருந்து 0.6-க்கு நாங்களே குறைச்சோம். பக்கத்துல அதே நிறத்துல இருந்த 'கேன்சல்' பட்டனை அழுத்திடுச்சு. ஒரு ஷிப்ட் கணக்கே போச்சு.

அப்புறம்தான் புரிஞ்சது. கண்ணு மங்குதுன்னு திரையை 100-லருந்து 125 விழுக்காடாப் பெருசாக்கினது நாங்கதான். பட்டன் பெருசாயிடுச்சு, தம்பி வெட்டி வச்ச படம் பழைய அளவுலயே இருந்துச்சு. அளவு மாறினா அதுக்கு அடையாளம் தெரியாது.

புதுசா படம் வெட்டி வச்சு, 0.9-க்கே திருப்பினோம். இப்ப ஓடுது. தம்பிகிட்ட மன்னிப்பும் கேட்டோம், எல்லார் முன்னாலயும்தான்.