மண்ணைத் தொடாத முள்

கருவி பிழைபடக் காட்டினால் கருவியையே குறைகூறுதல் மனித இயல்பு. வடமராட்சியில் நெடுங்காலம் கராச் நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவர் அவ்வியல்பினின்றும் நீங்கியவர். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

அண்மையில் அவருடைய மருமகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அவனது காரின் உட்கூரையில் திசையையும் பயணத் தூரத்தையும் காட்டும் மின்திரை சிலவேளை ஒளிர்கிறது, சிலவேளை அணைகிறது. புதிய திரை வாங்கலாமா என்று கேட்டான்.

“அவசரப்படாதை தம்பி. முதலிலை பியூஸைப் பார், பிறகு ஏர்த்தைப் பார், இரண்டும் சரியெண்டால் திரையைக் கழற்றி, உள்ளுக்கு ஈயப்பற்று வெடிச்சிருக்கோ எண்டு பார்” என்றார் முதியவர். அத்தகைய திரையை அவர் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் மின்னோட்டம் சென்று மீளும் நியதி எவ்வண்டிக்கும் ஒன்றேயன்றோ!

அவர் அப்பாடத்தைக் கற்றது 1990களின் முற்பகுதியில். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய அந்நாட்களில், 1950களில் உருவான ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றுள் ஒன்றின் எரிபொருள்மானி அடிக்கடி காரணமின்றி ‘நிறைவு’ காட்டிற்று. அவர் மானியை மாற்றினார். முள் இறங்கிற்று. பணி முடிந்ததென எண்ணிக் காரைக் கொடுத்தனுப்பினார்.

சில நாட்களின் பின், பேறுகால வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு இரவில் யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற அக்கார் வல்லை வெளியில் நின்றுவிட்டது. முள் நிறைவு காட்டியது, தாங்கியோ வறண்டிருந்தது. விடியற்புறத்திலேயே உழவு இயந்திரமொன்று அவ்வழி வந்தது. தாய் பிழைத்தாள்; சிசு பிழைக்கவில்லை.

மறுநாள் அவர் தாங்கியை ஆராய்ந்தார். மிதவையோடு கூடிய அலகின் புவித்தொடுப்பு உப்புக்காற்றினால் துருவேறி, தொட்டும் தொடாமலும் இருந்தது. காரின் இரும்புடலே அங்கு ‘மண்’. அம்மண்ணோடு தொடர்பு அறுந்தால், அப்பழைய மானிகளின் முள் வெறுமைக்கு இறங்குவதில்லை; நிறைவுக்கே ஏறும். அலகிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிக் காரின் உடலில் ஒருமுறை தொட்டிருந்தால், முள் வெறுமைக்கு வீழ்ந்திருக்கும். மானி குற்றமற்றது என்பது கணப்பொழுதிற் புலனாகியிருக்கும். அச்சோதனையை அவர் அறியாதவரல்லர், அன்று செய்யவில்லை.

மறுவாரம் மருமகன் மீண்டும் அழைத்தான். ஈயப்பற்றில் மயிரிழை வெடிப்பு இருந்ததாம். பற்றவைத்ததும் திரை நிலையாக ஒளிர்கிறதாம்.

“நல்லது” என்றார் முதியவர். பின்னர், “எண்டாலும் ஏர்த்தை ஒருக்கால் பார்த்து வை, தம்பி” என்றார்.