தவளைச் சத்தம் எங்கே போனது?

செங்கல்பட்டிலிருந்து பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், நல்ல மழை. கொளவாய் ஏரியிலயும் தண்ணி இருக்கு. எங்க தெருவுல மட்டும் தவளைச் சத்தமே இல்லையே, ஏன்?"

"உன் வீட்டுக்குப் பின்னால ஒரு பள்ளம் இருந்ததேப்பா, அது என்ன ஆச்சு?" என்றேன்.

"அங்க நாலு வீடு வந்துடுச்சு சார்."

அதுதான் பதில். விலங்கியல் வாத்தியார் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஏரியில் மீன் உண்டு. மீனுக்குத் தலைப்பிரட்டை நல்ல தீனி. அதனால் நம் ஊர்த் தவளைகளில் பல, சில வாரங்களே தண்ணீர் நின்று வற்றிவிடும் மழைக்குட்டையைத் தேடிப் போகின்றன. குட்டை காய்வதற்குள் முட்டை, தலைப்பிரட்டை, குட்டித் தவளை என எல்லாம் முடிய வேண்டும். கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடந்த பெருந்தவளை கனமழைக்கு மேலே வரும். ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை உப்பிக்கொண்டு கத்தும்.

இந்தப் பெருந்தவளைக்கு முன்பே ஒரு கண்டம் வந்தது. வெளிநாட்டு ஓட்டல்களுக்காக இதன் கால்கள் டன் கணக்கில் கப்பலேறின. வயலில் பூச்சி தின்னும் உயிர் அழிகிறதே என்று எதிர்ப்பு எழுந்தது. 1987-இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

சட்டம் தவளையைக் காப்பாற்றியது, குட்டையைக் காப்பாற்றவில்லை. ஏரிக்குப் பெயரும் அரசுக் கணக்கும் உண்டு. வேடந்தாங்கலுக்குச் சரணாலயம் என்ற காவல் உண்டு. சாலையோரப் பள்ளத்துக்கு எதுவும் இல்லை. நாலு லோடு மண் கொட்டினால் மனையாகிவிடும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போகும்போது இருபுறமும் பாருங்கள், புரியும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் இப்படிப்பட்ட குட்டைகள் உண்டு. பனி உருகிய நீரும் மழைநீரும் தேங்கும், மீன் இருக்காது. அங்குள்ள சில சாலமாண்டர்களும் சில தவளைகளும் அவற்றில்தான் முட்டையிடும். பொதுமக்கள் ஆதாரம் அனுப்பினால் அரசு அந்தக் குட்டைக்குச் சான்று கொடுத்துப் பதிவு செய்கிறது. வற்றிப்போகும் குட்டைக்கும் ஒரு கணக்கு!

நம்மாலும் தொடங்க முடியும். இரவு எங்கே தவளை கத்துகிறதோ, அந்த இடத்தைக் குறித்துப் படம் எடுத்து, கிராம சபையில் சொல்லுங்கள். கொசு ஒழிப்பு என்று அந்தக் குட்டையில் மீன் விடாதீர்கள். அது தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

உங்கள் தெருவில் இப்போது தவளை கத்துகிறதா? ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். பட்டியல் போட்டு வைக்கிறேன்.