ஆரணிக் கோட்டையும் பித்தளைப் பொத்தானும்

கலசப்பாக்கம் என்றதும் ரதசப்தமிக்கு அண்ணாமலையார் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், பக்கத்திலிருக்கும் பர்வதமலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கிருந்து போளூர் வழியாக சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஆரணி. பட்டுச்சேலை எடுக்கத்தான் எல்லோரும் போகிறோம். அடுத்த முறை, ஜவுளி வாங்கிய கையோடு கோட்டைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.

இந்த ஊர் இரண்டு பெரிய சண்டைகளைப் பார்த்திருக்கிறது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், ராஜா சாகிப்பின் படையையும் உடன் வந்த பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். 1782 ஜூனில் சர் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். 1790-ல் இங்கே இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு உயரமான நினைவுத்தூண் இருக்கிறது.

கர்னலுக்குத் தூண் எழுப்பினார்கள். சாதாரண சிப்பாய்க்கு என்ன மிஞ்சியது? பல இடங்களில் அவன் சட்டைப் பொத்தான் மட்டும்தான். துணி மக்கிவிடும், உலோகம் நிற்கும். அந்தப் பொத்தானை வைத்தே காலத்தைக் கணிப்பதை உலகம் முழுக்கப் பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண். பிரிட்டிஷ் காலாட்படைப் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண் போட உத்தரவு வந்தது 1767-ல். ஆகவே, எண் உள்ள பொத்தான் கிளைவ் காலத்துச் சண்டையில் விழுந்ததாக இருக்க முடியாது. எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹைதர் அலியை எதிர்க்க வந்த 73-வது ஹைலேண்டர் படைப்பிரிவு, 1786-ல் 71-வது ஆகிவிட்டது. எண்ணோடு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

அடுத்து உலோகம். சாதாரணச் சிப்பாய்களுக்கு 1855 வரை வெள்ளீயக் கலவைப் பொத்தான், பிறகு பித்தளை. 1871-ல் அவர்களுடைய பொத்தானிலிருந்து எண் போய், அரச சின்னம் வந்தது.

மூன்றாவது கிரீடம். மேல்வளைவு நடுவில் பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலம். குவிந்து மேலெழும்பியிருந்தால் 1901-க்குப் பிறகு வந்த மன்னர்கள் காலம். கிரீடம் போய் அசோகர் சிங்கங்கள் இருந்தால் அது நம் குடியரசு ராணுவம்.

கடைசியாகப் பொத்தானைத் திருப்பிப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்கலாம். லண்டன் ஃபர்மின், பர்மிங்ஹாம் கான்ட் ஆகியவை பிரபலமானவை. பெயரோடு ‘லிமிடெட்’ இருந்தால் 1855-க்குப் பிந்தையது. அந்தச் சட்டமே அப்போதுதான் வந்தது.

தோண்டாதீர்கள், தேய்க்காதீர்கள்

பழைய கோட்டைகளில் தோண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அது குற்றம். மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருட புதையல் சட்டம். நிறையப் பார்க்க வேண்டுமா? சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ராணுவச் சீருடைகளும் பதக்கங்களும் இருக்கின்றன.

தோண்டாமலே கிடைக்கும் இடம் இன்னொன்று உண்டு: நம் வீட்டு டிரங்குப் பெட்டி. ஆரணியிலிருந்து வேலூர் போகிற வழியில், கணியம்பாடி பக்கம் உள்ள கம்மவான்பேட்டை தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் தாத்தாவின் கோட்டு எத்தனை வீட்டில் மடித்துக் கிடக்கிறதோ!

அது கையில் கிடைத்தால், புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று விளக்கிவிடாதீர்கள். முலாமும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் உரசுங்கள். மங்கிய எழுத்தும் தெரியும்.

பிறகு பாட்டியிடம் கேளுங்கள்: தாத்தா எந்த ரெஜிமென்ட், எந்த வருடம் சேர்ந்தார், எங்கெல்லாம் போனார்? அதை ஒரு சீட்டில் எழுதிப் பொத்தானோடு வையுங்கள். பொத்தானில் எண்ணும் கிரீடமும் இருக்கும். தாத்தாவின் பெயர் இருக்காது. அதைச் சொல்ல பாட்டியால்தான் முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.