தண்ட உதை தவறிய பின்காவலர்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, கல்லூரியின் கல்விப் பெருமையையோ விடுதி வாழ்க்கையையோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத் தகுந்தவர் பலர் உளர். நானோ அங்கே கற்ற ஐந்தாண்டுகளில் மூன்றாண்டுகள் உதைபந்தாட்டக் குழுவில் இடப்பக்கப் பின்காவலனாக நின்றவன். பின்காவலன் கோல் போடுவதில்லை. போடவிடாமற் செய்வதே அவன் தொழில். ஆகவே அவன் செய்த நன்மை எவர் நினைவிலும் நிற்பதில்லை. செய்த பிழையோ, அறுபது ஆண்டு கழிந்தும் பழைய மாணவர் ஒன்றுகூடலிற் சிரிப்புடன் எடுத்துரைக்கப்படுகின்றது. எனது பிழையைப் பற்றியும், அதனின்றும் என்னை மீட்ட ஒரு வங்காளியைப் பற்றியும் எழுத விரும்புகின்றேன்.

சாய்ந்தமருதிற் பிறந்த எங்களுக்குக் கடற்கரையே மைதானம். கரைவலை இழுத்து முடிந்து, மீன் கூறு போட்டு, தோணிகளை மேலே ஏற்றி வைத்த பின்னர் எஞ்சிய மணற்பரப்பில் மாலைதோறும் வெறுங்காலுடன் ஆடினோம். காய்ந்த மணலிற் காலும் ஓடாது, பந்தும் ஓடாது. அலை நனைத்துச் சென்ற குறுகிய பரப்பிலேதான் ஆட்டம் நடைபெறும். அப்பரப்பும் நாளுக்கு நாள் இடம் மாறும். தெற்கே அடுத்துள்ள காரைதீவிலிருந்தும் பையன்கள் வருவார்கள். விபுலானந்த அடிகள் பிறந்த அவ்வூரின் பெரியவர் ஒருவர் வாப்பாவுக்கு எடுத்துச் சொல்லியதனாலேயே நான் இந்துக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டேன். தேவாரம் பாடும் மண்டபத்தில் நம்முடைய பிள்ளை என்ன செய்வான் என்று உறவினர் கேட்டனர். நோன்பு காலத்திற் சகருக்கென்று விடுதியில் எனக்குச் சோறு எடுத்து வைத்தார்கள் என்பதை மாத்திரம் அவர்களுக்கு விடையாகக் கூறி அப்பாற் செல்கின்றேன்.

1960ஆம் ஆண்டு, அயற் கல்லூரியொன்றுடன் நிகழ்ந்த இறுதிப் போட்டி. நாங்கள் ஒரு கோலுக்குப் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் எமக்குத் தண்ட உதை கிடைத்தது. குழுவில் வலிய உதை என்னுடையது என்பதனால் தலைவர் பந்தை என் கையிற் கொடுத்தார். நான் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. அதை எடுத்து வரச் சென்ற சிறுவன் திரும்பி வரும்வரை மைதானத்தில் ஒருவரும் பேசவில்லை. அந்த நேரத்தின் நீளத்தை இன்றும் உணர்கின்றேன்.

விடுமுறைக்கு ஊர் வந்தவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. படிப்பை விட்டுவிடுகின்றேன், வலைக்கு வருகின்றேன் என்று வாப்பாவிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை அழைத்துச் சென்றார். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். நான்கு பக்கமும் கல்கத்தாவின் சைலேன் மன்னாவைப் பற்றியதாகவே இருந்தன.

“மன்னா எண்ட இந்த மனிசன் ஆர், மகன்? நம்மட ஆளா?” என்றார் வாப்பா.

“இல்ல வாப்பா. கல்கத்தாவில ஒரு இந்து.”

“ம். மிச்சத்தையும் வாசி.”

மன்னா 1924இல் ஹௌராவிற் பிறந்தவர். என்னைப் போலவே இடப்பக்கப் பின்காவலர். என்னைப் போலவே வெறுங்காலர். 1948 ஜூலை 31இல், லண்டன் ஒலிம்பிக்கில், இல்போர்ட் மைதானத்திலே சுதந்திர இந்தியாவின் குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. இந்திய வீரரிற் பெரும்பாலோர் காலிற் சப்பாத்து இல்லை. பிரான்சு முதற் கோலைப் போட்டது. சாரங்கபாணி ராமன் என்னும் நம் மொழிப் பெயர் தாங்கிய வீரர் அதைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயிற் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட்டு 2-1 என வென்றது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்திருந்தன. ஒன்றை மன்னா தவறவிட்டார்.

ஆசிரியர் இவ்விடத்தில் எனக்கு ஆறுதல் எதுவும் கூறவில்லை. பின்னர் நடந்தவற்றை ஆண்டு வாரியாக எழுதியிருந்தார். 1951 மார்ச்சிற் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் அதே மன்னாவே இந்தியக் குழுவின் தலைவர். இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் 3-0 என்றும், இறுதியில் ஈரானை மேவாலால் போட்ட ஒரே கோலினாலும் வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஒரு கோலேனும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கப் பதக்கத்தைக் கூறுவோர் மேவாலாலின் கோலைக் கூறுவர். எதிரிகள் கணக்கில் நின்ற மூன்று பூச்சியங்களையும் எவரும் கூறுவதில்லை. அவை பின்காவலரின் கணக்கு. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற படுதோல்வி. அப்பொழுதும் மன்னாவே தலைவர். அதன் பின்னரே இந்தியாவிற் சப்பாத்து அணிதல் கட்டாயமாயிற்று. பத்துக் கோல் வாங்கிய பின்காவலர் மறுபடியும் களத்தில் இறங்கினார் என்ற வரியின் கீழ் ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தார்.

மன்னாவின் கால்கள் எஃகினால் ஆனவையோ என்று ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காற்சட்டையை உயர்த்திப் பார்த்தார் என்றொரு கதை வழங்குகின்றது. அதை நான் நம்புவதில்லை. கடலோரத்தில் வெறுங்காலுடன் ஆடிய எவருக்கும் தெரியும், கால் எஃகாவதில்லை. தோல் தடிப்பாகும், அவ்வளவே.

கதையிலும் நம்பத்தக்க பெருமை வேறு உண்டு. மன்னா 1942 முதல் 1960 வரை பத்தொன்பது பருவங்கள் மோகன் பகான் என்ற ஒரே கழகத்துக்கு ஆடினார். ஆட்டத்துக்கு ஊதியம் வாங்கவில்லை. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தே குடும்பம் நடத்தினார். இக்காலத்திற் பின்காவலர் ஒருவரைக் கழகம் மாற்றப் பல கோடி கைமாறுகின்றது. அதிற் பிழையில்லை, உழைத்தவன் கூலி பெறட்டும். ஆயினும் தொழில்முறை வீரர் என்ற சொல்லைக் கேட்கும்போது, அச்சொல்லுக்கு உரிய ஒழுங்கு முழுவதையும் சம்பளமின்றியே காத்தவரை நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

கடிதத்தை வாசித்து முடித்ததும் வாப்பா ஊசியை வலையிற் குத்தி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று மாத்திரம் கேட்டார். நான் கல்லூரிக்குத் திரும்பினேன்.

இதுவரை எழுதியதையே ஒன்றுகூடல்களிற் பலமுறை சொல்லியிருக்கின்றேன். இனி வருவதை எவரிடமும் சொன்னதில்லை. இல்போர்ட் ஆட்டத்தின் மற்றத் தண்ட உதையை உதைத்துத் தவறவிட்டவர் மகாவீர் பிரசாத் என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே படித்து அறிந்தேன். படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் 1961இல், நான் திரும்பிச் சென்ற பருவத்தில், அரையிறுதிப் போட்டியிலே மீண்டும் எமக்கொரு தண்ட உதை கிடைத்தது. தலைவர் பந்தை என்னிடம் நீட்டினார். எல்லைக் கோட்டருகே ஆசிரியர் நின்றார். தலையை அசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் பந்தை வாங்கி, அருகில் நின்ற வலப்பக்க முன்னணி வீரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கோல் போட்டார். நாங்கள் வென்றோம். அன்று நான் செய்தது குழுவின் நன்மைக்காக என்று எல்லோரும் பாராட்டினர். அச்சத்தினாற் செய்தேன் என்பதை நான் அறிவேன். ஆசிரியரும் அறிந்திருப்பார் என எண்ணுகின்றேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் என்னையே இடப்பக்கத்தில் நிறுத்தினார்.

மன்னா 1971இற் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2012 பெப்ரவரி 27இல் தமது 87ஆம் வயதிற் காலமானார். அச்செய்தியை வாசித்தபொழுது அக்கடிதத்தைத் தேட வேண்டும்போல் இருந்தது. தேடுவதற்கு இடமில்லை. 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல் எங்கள் கரையோர வீட்டையும், கடிதம் இருந்த தகரப் பெட்டியையும் கொண்டுபோயிற்று. அன்று எம்மூரார் இழந்தவற்றோடு ஒப்பிட்டால் ஒரு கடிதம் பொருட்டன்று. நான்கு பக்கத்தின் சாரம் எனக்கு மனப்பாடம். மன்னாவின் வரலாறு முடிந்தபின், கையொப்பத்துக்கு மேலே அவர் எழுதியிருந்ததும் மறக்கவில்லை. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி என்றும், பழைய பந்தின் சவ்வுப்பை பழுதாகிவிட்டது, கல்முனைக் கடைகளிற் புதிது கிடைத்தால் ஒன்று வாங்கி வரும்படியும் எழுதியிருந்தார். வாங்கிச் சென்றேன்.