பூனை கண்ணை மூடிக்கொண்டால்

வீடு என்றால் தெருவாசல் ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இரவு படுக்கப் போகுமுன், “இரண்டையும் தாழ் போட்டாயிற்றா?” என்று பாட்டி நாள் தவறாமல் கேட்பார். “போட்டாயிற்று பாட்டி” என்று அக்கா தங்கை இருவரும் ஒரே குரலில் சொல்லுவோம். ஆனால் எங்கள் வீட்டிற்கு மூன்றாவதாகவும் ஒரு வாசல் இருந்தது. அது இரவும் பகலும் திறந்தே கிடந்தது. அதைத் திறந்துவிட்டவர்களும் நாங்களே. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எங்களைப் போன்ற தோழியருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதயப் படத்திற்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதுதான் வைஃபை ரவுட்டர். அப்பா காப்பீட்டு முகவர். படிவங்கள் அனுப்புவது, தவணை கட்டுவது எல்லாம் அவருக்கு இணையத்தின் வழியேதான். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் இணையம் ஆமை வேகத்தில் நகரத் தொடங்கியது. மாலையானால் ஒரு படிவம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. “நீங்கள் வீடியோ பார்த்தே தீர்த்துவிடுகிறீர்கள்” என்று அப்பா எங்களைக் கடிந்துகொண்டார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறன்று அப்பா மடிக்கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. பொருத்திவிட்டுப் போனவர் வைத்ததை எவரும் மாற்றவில்லை. அதில் ரவுட்டருடன் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. எங்கள் வீட்டில் கைபேசிகள் 3, மடிக்கணினி 1, தொலைக்காட்சி 1, ஆக 5 கருவிகள். பட்டியலிலோ 13 இருந்தன!

அப்பாவின் முகம் சிவந்தது. “மேல் மாடிக்குப் புதிதாக வந்தவர்கள்தான். இரவெல்லாம் விழித்திருக்கிறார்களே, வேறு யார்?” என்றார். மாடியில் தம் தாயாருடன் குடியிருப்பவர் ஒரு நர்ஸ் அக்கா. இரவுப் பணி அவருக்கு. அன்று முதல் அப்பா அவர்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அம்மாவும் குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டார்.

எங்களுக்கோ நெஞ்சு திக்கென்றது. இரண்டு மாதத்திற்கு முன்பு எதிர்வீட்டுத் தோழி, “வீட்டில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது, பாட வீடியோ பார்க்க முடியவில்லை” என்று கண் கலங்கினாள். கைபேசியில் வரும் கியூஆர் கோடைக் காட்டி அவளுக்கு இணைப்புக் கொடுத்தோம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அவள் அண்ணன், அண்ணனிடமிருந்து பாலத்துச் சுவரில் உட்காரும் அவன் நண்பர்கள் என்று அது பரவியிருந்தது. இதை அறிந்தும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அப்பாவின் கோபத்திற்கு அவ்வளவு பயம்.

அப்பா ஒரு யுக்தி செய்தார். வைஃபையின் பெயர் எவர் கைபேசியிலும் தெரியாதபடி மறைத்துவிட்டார். “இனி நம் வீடு யார் கண்ணுக்கும் படாது” என்றார். நாங்களும் கை தட்டினோம். இரண்டு நாள் பட்டியல் இளைத்திருந்தது. மூன்றாம் நாள் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. பெயர் தெரிந்தவர்கள் அதைத் தட்டச்சு செய்து உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்த வாரம் மாடிப்படியில் நர்ஸ் அக்கா எங்களை நிறுத்தி, “ஏம்மா, உங்கள் அம்மாவுக்கு என்மேல் ஏதாவது வருத்தமா?” என்று கேட்டார். பணி முடிந்து வந்த களைப்பு அவர் கண்களில் தெரிந்தது. “தெரியாது அக்கா” என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டோம். அந்தப் பொய் அன்று இரவு எங்களை உறங்க விடவில்லை.

மறுநாள் கணினி வகுப்பில், பெயரை மறைத்தால் வைஃபை பாதுகாப்பாகிவிடுமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, “பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?” என்றார். பிறகு விளக்கினார். ரவுட்டர் தன் பெயரைச் சொல்லாமல் இருந்தாலும், நம் கைபேசி அதனுடன் சேரும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. அருகில் காத்திருந்து கேட்பவனுக்கு அது தெரிந்துவிடும். மறைத்த பெயரைத் தேடும் கைபேசி, கடைத்தெருவிலும் பேருந்திலும்கூட அதே பெயரைக் கூவிக்கொண்டு போகக்கூடும். நம்மில் பலர் நம்பும் ‘இன்காக்னிட்டோ’வும் இப்படித்தான். பார்த்த பக்கங்களின் பட்டியல் நம் கருவியில் தங்காது, அவ்வளவே. இணைப்புத் தரும் நிறுவனத்திற்கும் நாம் செல்லும் தளத்திற்கும் நாம் மறைந்துவிடுவதில்லை.

1883-இல் ஆகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் என்ற அறிஞர் இரகசிய எழுத்து முறைகளைப் பற்றி எழுதினார். ஒரு முறை எப்படி இயங்குகிறது என்பது முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி ஒன்று மட்டும் தெரியாதிருந்தால் அது காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பூட்டை ஒளித்து வைத்துப் பயனில்லை, சாவியைத்தான் காக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்குச் சுருக்கென்றது. சாவியைத் தெருவில் விட்டவர்கள் நாங்கள் அல்லவா?

அத்தோடு நில்லாமல் சிஸ்டர் ஓர் உண்மை நிகழ்ச்சியையும் சொன்னார். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடிப்பதற்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. காவல்துறை தேடிச் சென்றபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவர் அதை அனுப்பவில்லை. பாதுகாப்பற்ற அவருடைய வைஃபையை வேறு எவரோ பயன்படுத்தியிருந்தனர். ஆயினும் சோதனைக்கும் விசாரணைக்கும் முதலில் ஆளானவர் அவரே. ஏனெனில், வீட்டிற்குள் எத்தனை கருவிகள் இருந்தாலும், வழக்கமாக வெளியுலகிற்குத் தெரிவது ரவுட்டருக்குரிய ஒரே முகவரிதான்.

பாலத்துச் சுவரில் இருப்பவர்களில் ஒருவன் விளையாட்டாகத் தவறு செய்தாலும் போலீஸ் வந்து நிற்பது எங்கள் அப்பாவின் முன்னால்தான். அதைவிட, எங்கள் மௌனத்தால் குற்றமற்ற ஒருவர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே நாங்கள் இருவரும் அப்பாவின் முன் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தார். பின்பு சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்களையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். “அம்மா, உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்” என்றார். எங்கள் அப்பா அப்படிக் கைகூப்பி நின்று நாங்கள் பார்த்ததில்லை. நர்ஸ் அக்கா பதறிப்போய், “ஐயோ, உட்காருங்கள் ஐயா” என்று காப்பி கலந்து கொடுத்தார். எங்களால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

அதன்பின் எல்லோரும் கூடி மூன்றாவது வாசலுக்குத் தாழ் போட்டோம். முதலில் ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லை மாற்றினோம். 2016-இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த இத்தகைய கடவுச்சொற்களில் சுமார் 60-ஐ வரிசையாகச் சோதித்தே உலகெங்கும் ரவுட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியதாம். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கியதற்கு அதுவே காரணம்.

அடுத்து வைஃபையின் கடவுச்சொல். முன்பு இருந்தது அப்பாவின் கைபேசி எண். அதுவோ வாசலில் மாட்டியிருக்கும் முகவர் பலகையிலேயே எழுதியிருந்தது! இப்போது ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். சொற்களைச் சொன்னவர் பாட்டி. என்னவென்று மட்டும் கேட்காதீர்கள். பூட்டின் வகை ‘டபிள்யூபிஏ2’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ ஆக இருக்க வேண்டும். பழைய ‘டபிள்யூஈபி’யை உடைக்கலாம் என்று 2001-இலேயே காட்டிவிட்டார்கள்.

‘டபிள்யூபிஎஸ்’ என்ற குறுக்கு வழியையும் அணைத்தோம். அதன் எண்ணில் 8 இலக்கங்கள். 10 கோடி முறை முயன்றாலன்றித் திறக்காது என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு மட்டுமே. முதல் 4 இலக்கங்களும் அடுத்த 3 இலக்கங்களும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. ஆகவே 10,000 + 1,000 = 11,000 முயற்சிகளே போதும் என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு உண்டோ? பின்பு ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம். மறைத்து வைத்த பெயரை மீண்டும் வெளியே காட்டினோம். அப்பாவின் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத வேறு பெயராக மாற்றிவிட்டோம். பட்டியலைப் பார்த்தோம். சரியாக 5 கருவிகள்!

எதிர்வீட்டுத் தோழி என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அதுவே கவலையாக இருந்தது. அப்பாவே அதற்கு வழி கண்டார். பல ரவுட்டர்களில் ‘விருந்தினர் இணைப்பு’ என்று தனியாக ஒன்று உண்டு. அதில் சேருபவர் இணையத்தைப் பார்க்கலாம். நம் வீட்டுக் கணினியையோ தொலைக்காட்சியையோ எட்டிப் பார்க்க முடியாதபடி அதை அமைக்கலாம். விருந்தினரைத் திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பது போலத்தான். மாலை 6 முதல் 8 வரை அவளுக்காக அது திறந்திருக்கும். அதன் கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றி, அவள் தாயாரிடமே அப்பா கொடுக்கிறார்.

அன்புத் தோழியரே! இன்றே உங்கள் வீட்டு ரவுட்டரின் பட்டியலைப் பெற்றோருடன் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். பிறருக்கு உதவுவது நன்று. ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுக்குமுன் வீட்டாரைக் கேளுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் கழித்த அந்த மூன்று வாரங்கள் உங்களில் எவருக்கும் வேண்டாம்.

இப்போதும் பாட்டி இரவில் கேட்கத் தவறுவதில்லை. கேள்வி மட்டும் சற்று மாறியிருக்கிறது: “மூன்றையும் தாழ் போட்டாயிற்றா?”

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, தங்கையுடன்